ஒன்பது வருடம் ஒரே ஊரில் இருந்தவரை நாம் திருப்பி அனுப்பினோம்

பொதுச் சுகாதார ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கும், அவர்களுடைய பதவி உயர்வையும் ஆய்வு நிதியையும் முடிவு செய்யும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சிலரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன். தாய்சேய் நல ஆய்வுக்கு ஒரே ஒரு இடம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் பெயரில் 31 கட்டுரைகள், இன்னொருவர் பெயரில் நான்கு. அந்த நான்கு கட்டுரைக்காரர் ஒரே கிராமப் பகுதியில் ஒன்பது வருடம் தங்கி, அங்கே உண்டான ஒவ்வொரு கர்ப்பத்தையும் அது எப்படி முடிந்தது என்பது வரை பதிவு செய்தவர். நான்கில் ஒன்று, அவரே திட்டமிட்டு நடத்திய ஒரு முயற்சி பலன் தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன கட்டுரை. "ஒன்பது வருஷத்துக்கு நாலுதானா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். நேரமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டோம். அவர் வெளியே போன பத்தாவது நிமிடம் முடிவு தயார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கையெழுத்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: ஓர் இடத்தில் நிலைத்து நின்று செய்யும் ஆய்வை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. கிராமத்துத் தாய்மார்களைப் பற்றிய ஆய்வில், நிலைத்து நிற்காமல் எதுவும் தெரியவராது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். அதாவது உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 197 தாய்மார்கள். 2000இல் இது 328ஆக இருந்தது. 2030க்குள் 70க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு. இப்போது ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு கிராமப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வருடத்துக்கு 2,000 பிரசவம் நடக்கிறது என்றால், உலக சராசரிப்படி நான்கு தாய்மார்கள் இறப்பார்கள். நாம் நிதி தருவது பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு. அந்த மூன்று வருடத்தில் பன்னிரண்டு மரணங்கள். பன்னிரண்டை வைத்து எது கூடியது, எது குறைந்தது என்று எந்தப் புள்ளியியலாளராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே மூன்று வருடத்தில் முடிவைக் கேட்கிறோம்.

எண்ணிக்கை ஒரு பக்கம். அந்தப் பன்னிரண்டு பேரும் ஏன் இறந்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்கும் காலம் வேண்டும். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் வீட்டுக்கு, மரணக் காரணத்தை விசாரித்துப் பதிவு செய்யப் போனேன். கையில் பதினான்கு பக்கப் படிவம். இறந்தவரின் மாமியார்தான் பேசினார். வரிசையாகக் கேட்டேன். ரத்தப்போக்கு இருந்ததா? இல்லை. காய்ச்சல்? இல்லை. வலிப்பு? கடைசியில் வந்தது. அதற்கு முன் பார்வை மங்கலாக இருந்ததா? இல்லை. கடுமையான தலைவலி? நினைவில்லை. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, முன்னறிகுறி இல்லை, வாகனம் வரத் தாமதம் என்று எழுதி முடித்தேன். படிவம் சுத்தமாக இருந்தது. மேலதிகாரி பாராட்டினார்.

எங்கள் களப்பணியாளர் ஒருவர் அந்த ஊர்க்காரர். எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவோம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மழையில் மை கரைந்துவிடும் என்று பென்சிலில்தான் எழுதுவார். நோட்டை எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார். இரண்டு மாதம் கழித்து அவர் என்னிடம் வந்து, "அந்த வீட்டுக்கு மறுபடியும் ஒரு தடவை போலாமா?" என்றார். போனோம். இந்த முறை படிவம் இல்லை. அக்கா அந்த மாமியாரோடு உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். குழந்தை துணிகள். வெகு நேரம் இருவரும் பேசவே இல்லை. அப்புறம் அந்த அம்மா தானாகவே சொன்னார்:

"முந்தின நாள் சாயங்காலம் வந்து, அத்தே, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுன்னு சொன்னா. கால் வேற வீங்கியிருந்துச்சு. வெயில்ல அலைஞ்சிருப்பே, போய்ப் படுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்."

என் கேள்வி 'பார்வை மங்கலாக இருந்ததா' என்பது. இறந்த பெண்ணுக்குப் பார்வை மங்கவில்லை, பூச்சி பறந்தது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு நெருங்கும்போது உண்டாகும் அறிகுறி அது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த வீட்டில் புழங்கும் வார்த்தையில் கேட்க எனக்குத்தான் தெரியவில்லை. 'இல்லை' என்று மாமியார் சொன்னது பொய்யும் இல்லை.

அன்றே அந்தக் கேள்வியை மாற்றி எழுதினோம்: 'கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல, மின்னுவதுபோல இருந்ததா?' வலிப்பு வந்து இறந்தவர்களின் வீடுகளுக்கு மறுபடி போனோம். முன்பு 'இல்லை' என்று எழுதியிருந்த சில வீடுகளில் இப்போது 'ஆமாம்' வந்தது. சில வீடுகளில், கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மெக்னீசியம் சல்ஃபேட் என்ற மருந்து இருக்கிறது. விலை குறைந்த, பழைய மருந்து. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ஆபத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு அதைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது. மருந்தைப் பற்றிய கேள்விக்கு அத்தோடு விடை கிடைத்துவிட்டது. மிச்சமிருப்பது, 'பூச்சி பறக்குது' என்று ஒரு பெண் சொல்லும் சாயங்காலத்துக்கும் அந்த ஊசிக்கும் இடையே உள்ள தூரம். வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், மருத்துவமனைக்குப் போய்ச் சேரத் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கத் தாமதம் என்று 1994இல் தடேயஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்துக் கொடுத்த மூன்று தாமதங்களை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதில் முதல் தாமதம் ஒரு வீட்டுத் திண்ணையில் எந்த வார்த்தையில் நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அக்கா தேவைப்பட்டார். அக்காவுக்கு அந்த ஊரில் கழித்த வருடங்கள் தேவைப்பட்டன.

இந்த வேலை ஒரு கட்டுரையாகவில்லை. கேள்வித்தாளில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். என் பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

இனி, பலன் தரவில்லை என்ற முடிவைப் பற்றி. அன்று அந்தக் கட்டுரையை நாம் பலவீனமாகப் பார்த்தோம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில், பகுதிக்கு ஒருவராக, உள்ளூர்ப் பெண்கள் மாதம் ஒரு முறை மற்ற பெண்களைக் கூட்டி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் வரும் பிரச்சினைகளையும் அவற்றுக்குத் தங்களால் என்ன செய்ய முடியும் என்பதையும் பேச வைத்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் மரணம் 30 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2004இல் வந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. அதே முறையைப் பங்களாதேஷின் போக்ரா, மௌலவிபஜார், ஃபரித்பூர் மாவட்டங்களில் செய்து பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளிவந்தது: குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

அங்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவர்கள் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டார்கள். சுமார் 1,400 பேருக்கு ஒரு குழு என்று வைத்திருந்தார்கள். கர்ப்பமான பெண்களில் கொஞ்சம் பேர்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அதே மாவட்டங்களில் குழுக்களைப் பெருக்கி, சுமார் 300 பேருக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். 2013இல் அடுத்த முடிவு வந்தது. பச்சிளம் குழந்தைகளின் மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. குழு இருந்தால் போதாது, நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அந்த முதல் தோல்வியால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2010இல் அந்த ஆய்வாளர்களில் ஒருவர் நம் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்போம்? எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

காம்பியாவில் கெனெபா உள்ளிட்ட மூன்று கிராமங்களில் 1949இல் தொடங்கிய பதிவுகளையும் யோசித்துப் பாருங்கள். யார் எந்த மாதம் பிறந்தார், எப்போது இறந்தார் என்று விடாமல் எழுதி வந்தார்கள். அதை வைத்து 1997இல் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. உணவுத் தட்டுப்பாடு உள்ள மாதங்களில் பிறந்தவர்கள், வளர்ந்து ஆளான பிறகு இளவயதிலேயே இறப்பது மற்றவர்களைவிட அதிகம். வயிற்றில் இருக்கும்போது தாய் பட்ட பசி, பிள்ளை வளர்ந்த பிறகும் தொடரலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. அரை நூற்றாண்டுக்குச் சளைக்காமல் பதிவேடு எழுதியவர்கள் இல்லாமல் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர்களில் பலர் அந்தக் கட்டுரை வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

பெரிய தேசியக் கணக்கெடுப்புகளின் தரவை வைத்து ஆராய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அன்று தேர்வான 31 கட்டுரைக்காரர் திறமையானவர், உழைப்பாளி. அவர் வேலையும் தேவைதான். ஆனால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால், புத்திசாலியான இளைஞர் எவரும் கிராமத்துக்குப் போகமாட்டார். இப்போதே போவதில்லை. என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "களத்துக்குப் போகாமல் செய்கிற மாதிரி ஏதாவது தலைப்பு இருக்கிறதா?" என்றுதான். நான் அவர்களைக் கோபித்துக்கொள்வதில்லை. நாம் வைத்திருக்கும் விதியை அவர்கள் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. தாய்மை நலத்தை ஆராய வரும் பெண்களிடம், பேறுகால விடுப்பு எடுத்த வருடத்தைக் காட்டி, "இங்கே ஒரு இடைவெளி இருக்கிறதே" என்று கேட்கிறோம். என் காதுபடக் கேட்டிருக்கிறார்கள். நம் துறையிலாவது இந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் திட்டம் முடிந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த நிதி வந்ததும் கூப்பிட்டார்கள். மறுபடி நிறுத்தினார்கள். நான் பார்க்க மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை அவர் வரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த ஊரின் கர்ப்பப் பதிவேடும் நின்றது. பிரசவங்கள் நிற்கவில்லை, பதிவுதான் நின்றது. புதிதாக வந்தவர் பதிவை எழுதினார், ஆனால் எந்த வீட்டில் கர்ப்பத்தை மூன்று மாதம் வரை வெளியே சொல்லமாட்டார்கள், எந்த வீட்டில் இறந்து பிறந்த குழந்தையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வருடம் எங்கள் கணக்கில் இறந்து பிறந்த குழந்தைகள் குறைந்தன. நல்ல செய்தி என்று முதலில் நினைத்தோம்.

அக்காவின் பெயர் எங்கள் கட்டுரை எதிலும் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். அதில் அவரும் அடக்கம். கேள்வியைத் திருத்தியவர், விடை கிடைக்கக் காரணமானவர் அவர். ஆசிரியர் வரிசையில் என் பெயர் இருக்கிறது.

கள வேலைக்கு எவ்வளவு மதிப்பு தருகிறோமோ, அதே மதிப்புதான் களப்பணியாளருக்கும் கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்களான அபய் பங், ராணி பங் தம்பதியினர் 1980களின் நடுவில் போய் நிலைத்தார்கள். கிராமப் பெண்களையே பயிற்றுவித்து, வீட்டுக்கு வீடு போய்ப் பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்க வைத்தார்கள். தலையணையை விடச் சின்னதான அந்த உயிர்களை எடை பார்க்கவும், மூச்சை எண்ணவும், தொற்று கண்டால் மருந்து கொடுக்கவும் அந்தப் பெண்களால் முடிந்தது. மரணம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999இல் எழுதினார்கள். இந்திய அரசு இந்த முறையை நாடு தழுவிய திட்டமாக்கியது 2011இல். போய்ச் சேர்ந்ததிலிருந்து கணக்குப் போட்டால் கால் நூற்றாண்டு. அதில் எந்த மூன்று வருடத்தை வெட்டி எடுத்து நாம் மதிப்பெண் போட்டிருப்போம்?

இன்னொரு கடமையும் விட்டுப்போகிறது. ஆய்வு முடிந்ததும் முடிவை இதழுக்கு அனுப்புகிறோம், மாநாட்டில் வாசிக்கிறோம். பதில் சொன்ன பெண்களிடம் போய்ச் சொல்வதில்லை. ஒரே ஒரு முறை நாங்கள் சொன்னோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்களைக் கூட்டி, கண்டதை எளிய படங்களாக வரைந்து காட்டினோம். மருத்துவமனைக்குப் போகாததற்கு முக்கியக் காரணம் தூரம் என்று நான் விளக்கியபோது, பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, "தூரம் இல்லீங்க. அங்க போனா திட்டுறாங்க. அத நீங்க கேக்கவே இல்லையே" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி உண்மையிலேயே இல்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கள் அடுத்த ஐந்து வருட வேலையை மாற்றியது. அதை நடத்துவதற்கு நிதி ஒதுக்கீட்டில் தலைப்பு இல்லை என்பதால், படம் வரைந்த செலவை எங்கள் கையிலிருந்து போட்டுக்கொண்டோம்.

சரி, நான் கேட்பது என்ன?

விண்ணப்பப் படிவத்தில் கட்டுரைப் பட்டியலுக்கு முன்னால் ஒரு பக்கம் சேர்ப்போம். எந்த ஊர், எத்தனை வருடம், அங்கே எந்தப் பதிவை விடாமல் வைத்திருக்கிறீர்கள், முடிவை அந்த மக்களிடம் எப்போது சொன்னீர்கள், அவர்கள் சொல்லி எதை மாற்றினீர்கள். பலன் இல்லை என்று வந்த ஆய்வையும் அதன் பிறகு செய்ததையும் தனியாக எழுதச் சொல்வோம், அதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்போம். ஐந்து கட்டுரையை மட்டும் விண்ணப்பதாரரே தேர்ந்தெடுத்துத் தரட்டும், நாம் அவற்றை உண்மையிலேயே படிப்போம். 31ஐயும் யாரும் படிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன், எண்ணிக்கையைத்தான் படித்தோம்.

நிதி தரும் குழுக்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். தாய் மரணத்தைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் மூன்று வருடம் என்ற வரையறையை எடுத்துவிடுங்கள். புதிய திட்டங்களின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, ஏற்கெனவே நடக்கும் பதிவேடுகள் அறுபடாமல் இருக்க ஒரு தொகையை நிரந்தரமாக ஒதுக்குங்கள். அதிலிருந்து களப்பணியாளருக்குத் திட்டம் சாராத சம்பளம் கொடுங்கள். இரண்டு நிதிகளுக்கு நடுவில் அவர்கள் வீட்டுக்குப் போகும்படி ஆகக்கூடாது. கேள்வியை உருவாக்குவதிலும் திருத்துவதிலும் பங்கெடுத்தவர் பெயர், அவர் எவ்வளவு படித்திருந்தாலும், கட்டுரையின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

இதையெல்லாம் அளப்பது கடினம் என்பீர்கள். கடினம்தான். கட்டுரைகளை எண்ணுவதுபோல எளிதாக இருக்காது. ஆனால் ஒருவர் ஓர் ஊரில் எப்படி வேலை செய்திருக்கிறார் என்று தெரிய அந்த ஊருக்கே ஒரு நாள் போய்வரலாம். மூத்த பதவிகளுக்காவது அப்படிச் செய்வோம். குழுவில் இரண்டு பேர் போனால் போதும். நான் வரத் தயார்.

கடைசியாக, அன்று நாம் திருப்பி அனுப்பியவரைப் பற்றி. விசாரித்தேன். அவர் இன்னும் அதே பகுதியில்தான் இருக்கிறார், பாதிச் சம்பளத்தில். பத்தாம் வருடப் பதிவேட்டைப் பாதி ஊர்களில்தான் தொடர முடிந்திருக்கிறது. நம்மிடம் இருந்த அந்த இடம் நிரம்பிவிட்டது, அதை இனி மாற்ற முடியாது. ஆனால் அதே துறையில் இன்னொரு இடம் அடுத்த வருடம் காலியாகிறது. அவரை மறுபடி அழையுங்கள். ஒன்பது வருடத்துக்கு ஏன் நான்கு என்ற கேள்வியையே கேளுங்கள். இந்த முறை பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்